கரப்பான் காலா, கைத்தசையா, தலைப்பட்டையா?

நரம்பியலைச் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ள, கையைக் கடிக்காத விலையில் மூன்று வழிகள் உண்டு. கரப்பான் பூச்சியின் காலில் நரம்புத் துடிப்பைக் கேட்பது ஒன்று. தசையின் மின்சாரத்தைப் பிடிப்பது (ஈஎம்ஜி) இன்னொன்று. மூன்றாவது, தலையில் பட்டை கட்டி மூளை அலையைப் பார்ப்பது (ஈஈஜி). வகுப்புக்கு நான் வாங்கியது தசைப் பலகை, அதாவது தசையின் மின்சாரத்தைப் பிடிக்கும் சிறு மின்சுற்றுப் பலகை. ஆகவே தராசு அந்தப் பக்கம் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

அசல் நரம்பு வேண்டுமென்றால் கரப்பான்தான். 2009-இல் தொடங்கிய பேக்யார்ட் பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் ஸ்பைக்கர்பாக்ஸ் இதற்கென்றே வந்த கருவி. ஐஸ் தண்ணீரில் மரத்துப்போன பூச்சியின் ஒரு காலை எடுத்து, இரண்டு ஊசிகளைச் செருகி, காலின் முள்ளைப் பல்குச்சியால் வருடினால் ஸ்பீக்கர் படபடக்கும். அழுத்தினால் துடிப்பின் உயரம் கூடாது, வேகம்தான் கூடும். 1932-இல் நோபல் பெற்ற எட்கர் ஏட்ரியன் காட்டிய உண்மை அது, காதாலேயே கேட்கலாம். ஆனால் பூச்சிக்கு எங்கே போவது? வீட்டில் ஓடுவதைப் பிடித்தால் கிருமியும் பூச்சிமருந்தும் கூடவே வரும். வளர்த்தால் விடுமுறையில் யார் தீனி போடுவது? காலை எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஈஈஜிக்குக் கவர்ச்சி அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். கண்ணை மூடினால் பின்மண்டையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை எழும், திறந்தால் அடங்கும். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட பதிவுகளிலிருந்து தொடங்கும் கதை. அந்த அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் அதற்குள் அது காணாமல் போய்விடும். தலைமுடி வேறு குறுக்கே நிற்கும். ஓபன்பிசிஐ போன்ற பல சேனல் பலகைகளில் நான் அதிகம் புழங்கியதில்லை. தனியாக ஆய்வுத் திட்டம் செய்யும் மாணவருக்கு அவை ஏற்றவையாக இருக்கலாம்.

சரி, தசைக்கு வருவோம். "இது நரம்பியலா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதுகுத்தண்டில் ஒரு இயக்க நரம்பணு ஒருமுறை துடித்தால், அதன் பிடியில் இருக்கும் தசை இழைகள் எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன. அதாவது தசையே நரம்புக்கு ஆம்ப்ளிஃபையர். அதனால்தான் மில்லிவோல்ட் அளவுக்குக்கூட சிக்னல் கிடைக்கிறது, எளிய பலகையே போதும். முன்கையில் ஜெல் தடவிய மின்முனை ஸ்டிக்கர் ஒட்டி விரலை லேசாக மடக்கினால் ஸ்பீக்கரில் 'டக், டக்' என்று தனித்தனியாக விழும். பிடியை இறுக்க இறுக்க ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து பெரும் இரைச்சலாகிவிடும். சிறிய நரம்பணுக்கள் முதலில், பெரியவை பிறகு வேலைக்கு இறங்குகின்றன என்று நரம்பியலாளர் ஹென்னமன் சொன்னதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பயோஆம்ப் ஈஎக்ஸ்ஜி பில் போன்ற பலகையை ஆர்டுயினோ என்ற சிறு நுண்கணினிப் பலகையில் இணைத்தால், அதிலேயே இதயத்துடிப்பையும் கண்ணசைவையும் பார்க்கலாம்.

ஆனால் பலகையின் விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பலகை ஒருமுறைச் செலவு. ஜெல் ஸ்டிக்கர் தீராச் செலவு. ஒருவருக்கு மூன்று வேண்டும்: இரண்டு தசைமேல், ஒன்று முழங்கை எலும்புமேல். ஒருமுறை ஒட்டி எடுத்ததை அடுத்தவருக்கு ஒட்ட முடியாது, கூடாது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் ஜெல் காய ஆரம்பிக்கும். காய்ந்த ஸ்டிக்கர் ஒட்டும், சிக்னல் தராது. திரையில் வருவது கரண்டின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம். அதைத் தசை என்று நம்பி நோட்டில் வரைந்துவிடுவார்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாத கவரில் போடுங்கள், ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்து ஒருவர் கையில் மட்டும் ஒட்டினால் செலவு மூன்றில் ஒரு பங்காகும். திரும்பப் பயன்படும் உலோக மின்முனைகளும் பட்டைகளும் உண்டு. கையசைவில் அவை நகர்ந்துவிடுவதால் தொடக்க வகுப்புக்கு நான் ஸ்டிக்கரையே எடுப்பேன்.

எந்தக் கருவியானாலும் உடம்போடு இணைக்கும்போது மடிக்கணினி பேட்டரியில்தான் ஓட வேண்டும், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக்காகத்தான் இது, ரீங்காரம் குறைவது உபரி லாபம். அப்புறம், பலகைக்கு முன்னால் கெட்டுப்போவது ஸ்டிக்கரில் மாட்டும் கம்பியின் பட்டன்தான். வாங்கும்போதே கூடுதலாக ஒரு செட் கம்பி சேர்த்து வாங்கிவிடுங்கள்.