கூரைப் பூச்சுக்கு 'கார்பனேஷன்' என்று யாராவது வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்

காசிமேடு பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று கம்பியைச் சும்மா விடாது. எங்கள் வீட்டுச் சிலாபின் அடியில் காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தது. தெரிந்தவர் அனுப்பிய மேஸ்திரி, "இது கார்பனேஷன்னு புது முறை சார். பூசிட்டு கார்பன் டை ஆக்ஸைடு அடிச்சா கல்லு மாதிரி இறுகிடும். பவுடரும் கலக்கறேன், தண்ணிகூட விட வேண்டாம்" என்றார். நம்பி 42,000 ரூபாய் கொடுத்தேன்.

ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த அறையில், சின்ன சிலிண்டரிலிருந்து பத்து நிமிடம் வாயு அடித்தார். பவுடர் என்றது வெள்ளைச் செதில். தண்ணீரில் போட்டதும் பக்கெட் சுட்டது. தரையில் சிந்தியவை மறுநாள் தாமாகவே கசிந்து பிசுபிசுவென்று கிடந்தன. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் பூச்சில் பழுப்புக் கோடுகள் இறங்கின. ஒரு ராத்திரி, அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

சிவில் இன்ஜினீயர் ஒருவரை அழைத்துவந்தேன். உடைந்த இடத்தில் பினால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்தார். காரம் இருந்தால் அது ரோஸாகும், இல்லையென்றால் நிறம் மாறாது. புதுப் பூச்சின் உட்பக்கம் ரோஸானது. கம்பியை ஒட்டிய பழைய காங்கிரீட் நிறம் மாறவே இல்லை. சிமென்டிலுள்ள சுண்ணாம்பு பிஹெச் அளவை, அதாவது காரத்தன்மையை, 12.5 அளவில் வைத்திருக்கும். அந்தக் காரம் இருக்கும் வரை, குளோரைடு உப்பு சேராவிட்டால், கம்பி எளிதில் துருப்பிடிக்காது. கார்பன் டை ஆக்ஸைடு அந்தச் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக்கும். கலவை இறுகுவது உண்மைதான், ஆனால் பிஹெச் 9-க்குக் கீழே போய், கம்பிக்கு இருந்த காப்பு போய்விடும். எங்கள் சிலாபுக்குப் பல வருடமாக இருந்த நோயே அதுதான். அதையே மருந்து என்று விற்றிருக்கிறார். கம்பியே இல்லாத பிளாக்குகளை மூடிய அறையில் வைத்து இப்படி இறுக்குவது நல்ல முறை, அதைக் குறை சொல்லவில்லை.

அவர் அடித்த வாயு மேல்தோலைத் தாண்டவில்லையாம். பெரிய கெடுதல் செய்தது செதில். அது கால்சியம் குளோரைடு. கலவையைச் சீக்கிரம் இறுக்கும், கம்பியையும் அரிக்கும்.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால், கலக்குகிற பொருளின் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். காங்கிரீட்டில் கலக்கும் பொருள்களுக்கான இந்தியத் தரக்குறியீடான ஐஎஸ் 9103 இருக்கிறதா, குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்த பிறகுதான் பூச்சு. தண்ணீர் விட வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏழு நாளாவது ஈரம் காயக் கூடாது.

மேஸ்திரி இப்போது போன் எடுப்பதில்லை. மீந்த செதிலை இறுகக் கட்டி வைத்திருக்கிறேன். பையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.