பின்னொளி மங்குமுன்: வன்னியிலிருந்து காமாக் கதிர் வெடிப்புகளை நோக்க எந்த வழி ஏற்றது?

தொலைவான விண்மீன் மண்டலங்களில் நிகழ்ந்து சிறிது நேரம் காமாக் கதிர்களை வீசும் பெரும் வெடிப்புகளே காமாக் கதிர் வெடிப்புகள்; அவற்றின் பின் மங்கிக்கொண்டே போகும் ஒளி பின்னொளி. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு பாடசாலை வானியல் கழகத்துக்கு, காமாக் கதிர் வெடிப்புகளின் பின்னொளியை உண்மையாகவே அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தால், கைவசமுள்ள சிறு தொகையை எதில் இடுவது என்பதே முதற் கேள்வியாகிறது. சொந்தமாக ஒரு 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கியை வாங்கி வளவிலே நிறுத்துவது ஒரு வழி. இணையம் வழியாக வெளிநாட்டுத் தொலைநோக்கிகளில் நேரம் பெறுவது இன்னொரு வழி. இவற்றுக்குப் பக்கத்தில், அகன்ற பார்வையுள்ள கமராவும், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்கும் வானொலி வாங்கியும் செலவு குறைந்த தெரிவுகளாக இருக்கின்றன. விற்பவர்கள் எல்லோரும் ஆடியின் விட்டத்தையே பேசுகிறார்கள். இந்த வேலையில் விட்டத்தை விடப் பெறுமதி கூடியவை நேரமும் நெட்டாங்கும் என்பது என் நிலைப்பாடு. நான்கையும் அந்த அளவுகோலால் அளக்கிறேன்.

காமாக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால், வெடிப்பை முதலில் அறிவது எப்போதும் செய்மதிகளே. அணுவாயுதப் பரிசோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள் 1967 ஜூலை 2 ஆம் திகதி முதலாவது வெடிப்பைப் பதிவுசெய்தன. அந்தக் கண்டுபிடிப்பு 1973 இல்தான் வெளியிடப்பட்டது. தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கு வேலை கிடைத்தது 1997 பெப்ரவரி 28 ஆம் திகதி வெடிப்போடுதான். பெப்போசக்ஸ் என்ற செய்மதி காட்டிக்கொடுத்த இடத்தில், கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் ஒரு பின்னொளி மங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார்கள்.

அந்த மங்கல் நடக்கும் முறையே கருவித் தெரிவைத் தீர்மானிக்கிறது. பல பின்னொளிகளின் பிரகாசம், வெடிப்பிலிருந்து கழிந்த நேரத்துக்கு ஏறத்தாழ நேர்மாறாகக் குறைகிறது. ஆகவே நேரம் பத்து மடங்காகும்போது ஒளிப்பருமன் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்; மங்கலான பொருளுக்கு எண் கூடும்) 2.5 கூடுகிறது, அதாவது பொருள் அந்த அளவுக்கு மங்குகிறது. முதலாவது நிமிடத்தில் 13 ஆக இருந்த ஒன்று பத்தாவது நிமிடத்தில் 15.5 ஆகவும் நூறாவது நிமிடத்தில் 18 ஆகவும் வந்துவிடும். ஆடியின் விட்டத்தை 20 சென்ரிமீற்றரிலிருந்து 40 ஆக உயர்த்தினால் கிடைக்கும் ஆதாயமோ 1.5 மட்டுமே. பத்தாவது நிமிடத்தில் 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கியால் நோக்கத் தொடங்குபவருக்கு, நூறாவது நிமிடத்தில் 40 சென்ரிமீற்றரோடு வருபவர் ஈடாக முடியாது.

இடத்தைச் சொல்லும் அறிவிப்பு எல்லோருக்கும் இலவசம். 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செய்மதி, வெடிப்பு உணரப்பட்டவுடனேயே சில கலை அளவுக்குத் துல்லியமான இடத்தைக் கீழே அனுப்பி (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), பின்னர் தன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பி அதைச் சில விகலைகளுக்குச் சுருக்குகிறது (ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை). 2008 இல் ஏவப்பட்ட ஃபெர்மி செய்மதி ஆண்டுக்கு ஸ்விஃப்டை விட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வெடிப்புகளைக் கண்டாலும், அது காட்டும் இடம் பெரும்பாலும் பல பாகை அகலமானது. நாசா நடத்தும் ஆள்கூற்று வலையமைப்பில் பதிந்துகொண்டால் இவ்வறிவிப்புகள் கணினிக்கோ மின்னஞ்சலுக்கோ வந்து சேரும். இந்த விடயத்தில் மாங்குளத்தில் இருப்பவருக்கும் பெரிய ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கும் வேறுபாடு இல்லை.

நான்கு வழிகளையும் உரைத்துப் பார்க்க ஓர் இரவு இருக்கிறது. இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமான வெடிப்பு 2022 ஒக்டோபர் 9 ஆம் திகதி நிகழ்ந்தது. ஃபெர்மி அதை உணர்ந்தபோது நம் நேரம் மாலை 6.47. வன்னியில் சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெடிப்பு நடந்த சஜிட்டா விண்மீன் கூட்டம் ஏறத்தாழ உச்சிக்கு மேல், அடிவானிலிருந்து 75 பாகைக்கும் கூடிய உயரத்தில் நின்றது. துல்லியமான இடத்தை ஸ்விஃப்ட் தந்தது இரவு 7.40 அளவில், பால்வெளியின் தூசுப் படலத்துக்கு அருகில் இருந்ததால் முதலில் அது நம் விண்மீன் மண்டலத்துப் பொருளாக இருக்கலாம் என்றே கருதப்பட்டது. அந்தத் தூசு ஒளியில் பெரும் பங்கைத் தின்றுவிட்டதால், 7.40 அளவில் பின்னொளி ஒளிப்பருமன் 16 ஐத் தாண்டி மங்கியிருந்தது. போதாததற்கு அன்று பூரணை. எனினும் அந்தப் புள்ளி நம் வானில் மறைந்தது நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர்தான். மேகம் விலகிய ஒரு முற்றத்தில் 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் குளிரூட்டிய கமராவும் ஆயத்தமாக இருந்திருந்தால், ஒரு நிமிடப் படங்களைப் பல டசினாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு மணித்தியாலத்துக்கும் மேலாக அதைத் தொடர்ந்திருக்கலாம்.

அதே 7.40 க்கு வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் எந்த நிலையில் இருந்தன என்று பாருங்கள். வாடகைக்குக் கிடைக்கும் கருவிகள் பல நிற்கும் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் சஜிட்டா ஏற்கெனவே மேற்கில் மறைந்துவிட்டது. தென்னாபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் இன்னும் பகல். இருள் வருவதற்கு நான்கைந்து மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். சிலிக்கும் அமெரிக்காவுக்கும் அதைவிட நீண்ட காத்திருப்பு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த முதல் மணித்தியாலங்களை இணையத்தில் வாங்கியிருக்க முடியாது.

ஆனால் ஓர் இரவை வைத்து முழுத் தீர்ப்பையும் எழுதுவது நியாயமாகாது. 2008 மார்ச் 19 ஆம் திகதி வெடிப்பின் பின்னொளி 5.3 வரை பிரகாசித்து, ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளியை வெறுங்கண்ணாலேயே சில கணங்கள் காணக்கூடிய நிலையை ஏற்படுத்தியது. நமக்கோ அது முற்பகல் 11.42. 2013 ஏப்ரல் 27 ஆம் திகதி வெடிப்பும் நமக்குப் பகல் ஒரு மணிக்குப் பின்னரே நிகழ்ந்தது. இத்தகைய நாட்களில் சொந்தத் தொலைநோக்கி வெயிலில் மூடிக் கிடக்கும்; உலகம் சுற்றிப் பரந்த வலையமைப்பில் நேரம் வைத்திருப்பவரே வெல்வார். லாஸ் கும்ப்ரஸ் ஆய்வகம் சிலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, ஹவாய், டெக்சாஸ், தெனெரீஃப் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 0.4 மீற்றர் முதல் 2 மீற்றர் வரையான தொலைநோக்கிகளை ஒரே வலையாக இயக்குவதோடு, கல்விக் குழுக்களுக்கு நேரம் ஒதுக்கும் பங்காளர் திட்டமும் வைத்திருக்கிறது. ஒரு மீற்றர் ஆடியால் இரண்டாம் மூன்றாம் நாளிலும் பல பின்னொளிகளைத் தொடர முடியும். வெடிப்பிலிருந்து பாயும் ஒடுங்கிய தாரையின் விளிம்பு நமக்குத் தெரியவரும்போது ஒளிவளைகோடு (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபு) திடீரெனச் செங்குத்தாகிச் சரிவதையும், 2003 மார்ச் 29 ஆம் திகதி வெடிப்பில் நடந்ததுபோல் பின்னொளிக்குள்ளிருந்து ஒரு சுப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) மேலெழுவதையும் பார்க்க வேண்டுமானால் அதுவே வழி. சொந்த 20 சென்ரிமீற்றர் அங்கே எட்டாது. அத்தோடு, பிள்ளைகள் ஒளியளவியலை, அதாவது படத்திலிருந்து பிரகாசத்தை அளப்பதை, பழகுவதற்கு, குறை நீக்கப்பட்டு வந்துசேரும் அந்தப் படங்களைப் போல் நல்ல பாடப்பொருள் வேறில்லை. குறை என்னவெனில், வரிசையில் நிற்க வேண்டும்; முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் கைநழுவிப் போகும்.

சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர் வன்னியில் எதிர்கொள்ளும் சிரமங்கள் வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லை. நமது அகலாங்கு 9 பாகை அளவு. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு பனையோ பாலை மரமோ இருந்தால் அது கண்ணில் படவே படாது. விண்மீன்களைத் தொடர்ந்து திரும்பும் தாங்கியின் அச்சை இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது, பல தாங்கிகளில் அகலாங்குத் திருகு அதன் கடைசிப் புரிவரை போய் இறுகிவிடும். எதிர்ப்பாரத்தின் தண்டு முக்காலியின் காலில் முட்டும். முக்காலியைக் கைவிட்டு, ஆழமாக அத்திவாரம் வெட்டிய கொங்கிறீற் தூணில் தாங்கியை நிரந்தரமாகப் பூட்டி, படங்களைக் கணினியில் ஒப்பிட்டு அச்சைச் சீர்செய்வதே நிலையான தீர்வு. தூண் இன்னொரு விதத்திலும் பெறுமதியானது: அறிவிப்பு வந்தபின் முக்காலியை விரித்து அச்சைச் சரிசெய்ய எடுக்கும் முக்கால் மணித்தியாலத்தில், மேலே சொன்ன கணக்கின்படி, பின்னொளி ஒன்றரை ஒளிப்பருமனுக்கு மேல் இழந்துவிடும். நல்ல இருட்டைத் தேடி இரணைமடுக் குளக்கட்டுக்கோ காட்டோரத்துக்கோ கருவியைக் காவிச் செல்வதையும் இதே காரணத்துக்காக நான் ஏற்பதில்லை. யானையும் பாம்பும் வேறு. மின்சாரம் தடைப்படும் இரவுகளுக்குச் சூரிய மின்தகட்டில் ஏற்றிய 12 வோல்ற் பற்றரியும், மாசிப் பனிக்கு ஆடியைச் சுற்றி ஒரு வெப்பப் பட்டியும் தேவை.

விட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு சான்று: 2003 ஜூலை 25 ஆம் திகதி வெடிப்பின் பின்னொளியை முதலில் கண்டுபிடித்தவர் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அருகில் வசித்த பேர்ட்டோ மொனார்ட் என்ற ஆர்வலர், அவர் பயன்படுத்தியது 30 சென்ரிமீற்றர் தொலைநோக்கி.

அகன்ற பார்வைக் கமராவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1999 ஜனவரி 23 ஆம் திகதி, 200 மில்லிமீற்றர் கமரா வில்லைகள் நான்கைக் கொண்ட ரோட்சி என்ற தானியங்கிக் கருவி, வெடிப்புத் தொடங்கி 22 செக்கன்களில் படம் எடுக்கத் தொடங்கி, 9 ஒளிப்பருமன் அளவுக்கு எழுந்த ஒளியைப் பிடித்தது. ஃபெர்மி காட்டும் பல பாகை அகலப் பரப்பை ஒரே படத்தில் அடக்க இத்தகைய வில்லைக்கே முடியும். 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கியின் பார்வையோ ஒரு பாகை சொச்சம். ஆனால் அவ்வளவு பிரகாசமான வெடிப்புகள் மிக அரிதானவை. வேறு தேவைக்கு வாங்கிய கமரா கையிலிருந்தால் பயன்படுத்தலாம். இதற்கென்று வாங்க வேண்டாம்.

வானொலி வாங்கி வேறு வகையான கருவி. வெடிப்பின் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியான அயன மண்டலத்தின் கீழ்ப்படையைத் தாக்கி அயனாக்கும்போது, அந்தப் படையில் தெறித்து வரும் மிகத் தாழ் அதிர்வெண் அலைகளின் வலிமை மாறுகிறது; 1983 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வெடிப்பு இவ்வாறு பதிவானது. மரச் சிலுவையொன்றில் எனாமல் பூசிய செப்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றி, சிறு பெருக்கி ஒன்றினூடாகக் கணினியின் ஒலி அட்டையில் செருகினால் வாங்கி ஆயத்தம். செக்கனுக்கு 48,000 மாதிரி எடுக்கும் அட்டை 24 கிலோஹேர்ட்ஸ் வரை கேட்கும். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹேர்ட்சும், அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து வரும் 19.8 கிலோஹேர்ட்சும் அதற்குள் அடங்கும். விஜயநாராயணம் நமக்கு மிக அருகில் இருப்பதால் தரையலை ஓங்கி நிற்கும். இந்தியப் பெருங்கடலை முழுவதும் கடந்து வரும் அவுஸ்திரேலிய அலையே அயன மண்டலத்தை நன்றாகக் காட்டும். மின்குமிழ்களும் மின்னேற்றிகளும் குறைந்த வன்னிக் கிராமம் இதற்குக் கொழும்பை விடப் பன்மடங்கு நல்ல இடம். 2022 ஒக்டோபர் வெடிப்பும் அயன மண்டலத்தைக் குலுக்கியது. அதன் கதிர்கள் நேர் கீழாக விழுந்தது இந்தியாவை அடுத்த பகுதியில். மேகமும் பூரணையும் இந்த வாங்கிக்கு ஒரு பொருட்டல்ல. எனினும் சூரியன் மறையும் வேளையில் அலைவலிமை தானாகவே ஏறி இறங்கும் என்பதால், முந்திய பல நாட்களின் பதிவுகள் கையில் இல்லாதவரால் அந்த மாற்றத்தைப் பிரித்தறிய முடியாது. அயன மண்டலத்தை அசைக்கும் வெடிப்புகள் பல ஆண்டுகளுக்கு ஒன்றுதான். மற்ற நாட்களில் சூரியச் சுவாலைகளைப் பதிவுசெய்துகொண்டிருக்கலாம், அதுவும் நல்ல வேலையே.

சொந்தத் தொலைநோக்கிக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. இதே நெட்டாங்கில் இந்தியா ஏற்கெனவே பெரிய கருவிகளை வைத்திருக்கிறது: லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீற்றர் உயரத்தில் 70 சென்ரிமீற்றர் தானியங்கித் தொலைநோக்கி, உத்தரகண்டின் தேவஸ்தலத்தில் 3.6 மீற்றர், தமிழ்நாட்டின் காவலூரில் 2.34 மீற்றர். அவற்றுக்கு முன்னால் முல்லைத்தீவின் 20 சென்ரிமீற்றர் என்ன செய்யும்? விடை பருவக்காற்றில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பெரும்பகுதியை மூடும்போது தேவஸ்தலம் நோக்கலை நிறுத்துகிறது. அதே மாதங்கள் நமக்குச் சோளகம் வீசும் வறண்ட காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று வன்னியைக் காய்ந்த நிலையிலேயே கடக்கிறது. காற்றுக்குத் தொலைநோக்கி ஆடும், அதற்கு மதில் கட்டலாம். மெல்லிய உயர் மேகம் சில இரவுகளைக் கெடுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அண்டைத் தொலைநோக்கிகள் பல மூடிக் கிடக்கும் அந்த மாதங்களில் இங்கே திறந்திருக்கும் ஒரு சிறு ஆடி, அதன் விட்டத்துக்கு மீறிய பயனைத் தரும்.

ஆகவே என் பரிந்துரை தெளிவானது. முதல் ஆண்டு பணம் செலவழிக்காமல் பங்காளர் திட்டத்துக்கு விண்ணப்பித்து, கிடைக்கும் படங்களில் பிள்ளைகளை அளக்கப் பழக்குங்கள். பக்கத்தில் வானொலி வாங்கியைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டாம் ஆண்டு தூணைக் கட்டி 20 சென்ரிமீற்றரை நிறுத்துங்கள். 30 சென்ரிமீற்றருக்காக இன்னும் ஓராண்டு பணம் சேர்க்க வேண்டாம். வாடை தொடங்கி மழை பிடிக்கும் ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து தைப் பொங்கல் வரை தொலைநோக்கியை மூடிவைத்து, வெளிநாட்டு நேரத்தை அந்த மாதங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

எந்த வழியில் எடுத்த படமானாலும், அறிக்கையில் படம் எடுத்த நேரம் உலக நேரத்தில் செக்கன் வரை இருக்க வேண்டும். அதற்குக் கணினியின் மணிக்கூட்டை இணைய நேரத்தோடு ஒவ்வோர் இரவும் பொருத்த வேண்டும். எந்த வடிகட்டி, எத்தனை செக்கன், எந்த ஒப்பீட்டு விண்மீன்கள் என்பவையும் தேவை. எதுவும் தென்படாத இரவிலும், அந்த இடத்தில் எந்த ஒளிப்பருமன் வரை எட்டிப் பார்த்தோம் என்பதை எழுதி அனுப்பலாம். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்த அத்தகைய எல்லை மதிப்பு ஒளிவளைகோட்டை வரைபவருக்கு உதவும், அதை நாசாவின் ஆள்கூற்று வலையமைப்பின் சுற்றறிக்கைகளில் வெளியிடவும் முடியும்.