ஆய்வெழுத்துப் பாடம் தயாரிக்க எது தோது: உரையாடும் கருவியா, கொடுத்ததைப் படிக்கும் கருவியா?

முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆறு வாரம், மாலை ஏழு மணிக்கு, இணையவழியில் ஆய்வெழுத்து வகுப்பு. பெரும்பாலானோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆய்வேடு மட்டும் ஆங்கிலத்தில். கையில் இருப்பது செல்பேசி. அன்றைய டேட்டா தீர்ந்தால் வகுப்பும் தீர்ந்தது. இந்தப் பாடத்தைத் தயாரிக்க இரண்டு வகைக் கருவிகளை ஒரே வேலையில் இறக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்றவை. கேட்டதும் எழுதித் தரும். இன்னொரு பக்கம் நோட்புக்எல்எம். நாம் ஏற்றிய ஆவணங்களைப் படித்துவிட்டு அவற்றிலிருந்து பதில் சொல்லும்.

உரையாடும் கருவியிடம் வெறுமனே பாடத்திட்டம் கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. முதல் வாரம் அறிமுகம், ஆறாம் வாரம் விளக்கவுரை, நடுவில் சக மாணவர் திருத்தம். அச்சகத்தில் அடுக்கி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். பெயரை மாற்றி எந்த ஊர்க் கல்லூரிக்கும் கொடுக்கலாம். அப்புறம் மாணவர்களின் நிலைமையை விவரித்து, அவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளில் பத்து வாக்கியங்களைப் பெயர் ஏதும் இல்லாமல் ஒட்டினேன். திட்டம் உடனே வேறு முகம் காட்டியது. கட்டுரை அமைப்பு பின்னுக்குப் போய், வாக்கிய அளவிலான திருத்தம் முன்னுக்கு வந்தது. இந்தச் சுற்றுக்குப் பிறகுதான் அதை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

அது உண்மையில் கைகொடுத்த இடம், தப்பான மாதிரிகள் எழுதுவதில். ஆய்வுக் கட்டுரை முன்னுரை பற்றி மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் சொன்ன மூன்று நகர்வுகளை ஆய்வெழுத்து கற்பிப்பவர்கள் அறிவார்கள்: துறையைக் காட்டு, அதில் இடைவெளி எது என்று சொல், அதை எப்படி நிரப்பப் போகிறாய் என்று சொல். நொய்யல் ஆற்றில் கலக்கும் சாயக்கழிவு பற்றி மூன்று முன்னுரைகள் கேட்டேன். ஒன்றில் இடைவெளியே இருக்கக் கூடாது. இன்னொன்றில் ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற நம் ஊர்ப் பொய் இருக்க வேண்டும். மூன்றாவது சரியானது. நான் உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரு சாயங்காலம் போயிருக்கும். வந்ததைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று. மாணவர்கள் எது எது என்று பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.

வாசிப்புப் பட்டியல் வேறு கதை. உரையாடும் கருவி ஒன்று (எதுவென்று சொல்லப்போவதில்லை) கொடுத்த ஐந்து கட்டுரைகளில் இரண்டு உலகத்திலேயே இல்லை. ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் பொருத்தமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம். ஆய்வு நேர்மை கற்பிக்கும் பாடத்திலேயே போலி மேற்கோள் என்றால் எப்படி?

விதிகள், எண்கள் வரும் இடங்களில் நான் நோட்புக்எல்எம் பக்கம். கருத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 விதிமுறைகளை ஏற்றிவிட்டுக் கேட்டால், பதிலோடு சிறு எண் வருகிறது. அதைத் தொட்டால் மூல வரிக்கே போகலாம். பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60-க்கு மேல் என்று அப்புறம் மூன்று நிலைகள். மூன்றாம் நிலையில் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. இதையெல்லாம் ‘ஏறக்குறைய’ கணக்கில் சொல்ல முடியாது. இங்கேயும் மூலத்தைத் திறந்து பார்த்த பிறகே பாடத்தில் சேர்த்தேன். ஏற்றிய ஆவணத்தைப் பற்றி இரண்டு குரல்கள் பேசிக்கொள்ளும் ஒலிச்சுருக்கமும் நோட்புக்எல்எம்மில் உண்டு, தமிழிலும் எடுக்கலாம். டேட்டா குறைவாக உள்ளவர்களுக்குக் காணொளியைவிட அது பரவாயில்லை. ஆனால் புதிதாக ஒரு பயிற்சியைக் கற்பனை செய்யும் வேலைக்கு நான் அதனிடம் போவதில்லை. கொடுத்ததற்குள் நிற்பதுதான் அதன் பலம், அதை ஏன் வெளியே இழுக்க வேண்டும்?

வினாக்களுக்கு மறுபடி உரையாடும் கருவிதான். மூடுல் என்ற இணையவழிப் பாடத்தளத்தில் வினாக்களை மொத்தமாக ஏற்றுவதற்கான கிஃப்ட் (GIFT) என்ற எழுத்து வடிவத்திலேயே கேட்டால் தருகிறது. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் தொல்லை இல்லை. ஒரு எச்சரிக்கை: பொருள் தெரியாதவனும் நீளமான விடையைக் குறித்தே தேறிவிடுவான், பல வினாக்களில் சரியான விடைதான் நீளமாக வருகிறது.

மதிப்பீட்டை எந்தக் கருவியிடமும் விடவில்லை. எழுத்து இயந்திரத்தினுடையதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களையும் சேர்க்கவில்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திர எழுத்து என்று முத்திரை குத்தப்பட்டன. என் மாணவர்கள் எல்லோரும் அந்த வகைதான். அதனால் எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் நேரில் கேட்பேன். ‘இந்த வாக்கியத்தில் may என்று ஏன் போட்டாய்?’ என்றால் எழுதியவருக்குத் தெரியும்.

ஐந்தாம் வாரம் கடிதங்கள். ‘ரெஸ்பெக்டெட் சார்’ என்று தொடங்கி ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடியும் கடிதத்தைக் கொடுத்தால் உரையாடும் கருவிகள் அதை நான்கு வரியாக வெட்டித் தருகின்றன. வெளிநாட்டு இதழாசிரியருக்கு அது சரி. பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அப்படி எழுதினால் திமிர் என்பார்கள். ஆகவே இரண்டு கடிதங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, எது யாருக்கு என்று கேட்கும்படி பாடம் அமைத்தேன். இதழாசிரியர் கடிதத்தைக் கருவி எழுதியது. பதிவாளர் கடிதத்துக்கு எங்கள் அலுவலக எழுத்தரிடம் போய்ப் பழைய கோப்பு ஒன்றை வாங்கி வந்தேன்.