டி.பி. பாக்ஸ் சர்ஜ் புரொடக்டர்: பாதி வேலையை ஒழுங்காகச் செய்கிறது

செங்கோட்டைப் பக்கம் வீட்டோடு ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு என்று சின்னக் கடை வைத்திருக்கிறேன். இங்கே சாரல் மாதங்களில் இடி அவ்வளவாக இருக்காது. கோடைமழையும் ஐப்பசி மழையும்தான் ஆளைப் படுத்தும். போன ஐப்பசியில் அடுத்த தோப்புத் தென்னையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் ரவுட்டரும், கேமரா படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆரும் போயின. ஃப்ரிட்ஜ், கிரைண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழுது பார்க்கிற தம்பி ரவுட்டரைத் திறந்து காட்டினார். பவர் லைட் பச்சையாக எரிகிறது. நெட் கேபிளுக்கான லேன் லைட் மட்டும் இல்லை. லேன் சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த சிப்பில் கடுகளவு குழி, சுற்றிலும் கரி. "அண்ணாச்சி, இது கரண்ட்ல மட்டும் வந்த அடி இல்ல, கேபிள்லயும் வந்திருக்கு" என்றார். மின்னல் நம் வீட்டிலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே மொட்டைமாடியில் நீளமாக ஓடும் ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டுவிடும். மறுமுனையில் இருப்பதோ 3.3 வோல்ட்டில் ஓடும் சிப். ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் ஒயர் மட்டும்தான். ரவுட்டருக்குக் கரண்டும் உண்டு, கேபிளும் உண்டு. ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேற வழி கிடைத்துவிடுகிறது.

அதன் பிறகு வாங்கியதுதான் இந்த டைப் 2 சர்ஜ் புரொடக்டர். வீட்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸில் மாட்டுவது; கரண்ட் ஒயரில் திடீரென்று பாயும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும். 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உச்சத்தில் 40 கிலோ ஆம்பியர் வரை தாங்கும், 1.5 கிலோ வோல்ட்டுக்கு மேல் உள்ளே விடாது என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. முகப்பில் சின்ன ஜன்னல்: பச்சை என்றால் நல்லது, சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றலாம். இந்தச் சித்திரையில் ஒரு பெரிய இடிக்குப் பிறகு சிவப்பாகிவிட்டது. வீட்டில் எதுவும் போகவில்லை. இது இல்லாவிட்டால் போயிருக்குமா என்று யார் சொல்ல முடியும்? எனக்குத் திருப்திதான்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். எலக்ட்ரீஷியன் மீதி ஒயரை வெட்ட மனமில்லாமல் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தார். கூடாது. மின்னலால் கண நேரத்தில் பாயும் கரண்டுக்கு ஒரு மீட்டர் ஒயரே சுமார் 1,000 வோல்ட்டைக் கூட்டிவிடும். லைனிலிருந்து எர்த் பட்டை வரை மொத்தம் அரை மீட்டருக்குள் முடிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் இது வெறும் பொம்மை.

"வோல்டேஜ் ஏறி இறங்குவது நிற்கவில்லை" என்று சிலர் குறை சொல்கிறார்கள். அது ஸ்டெபிலைசர் பார்க்க வேண்டிய வேலை. ஸ்டெபிலைசர் மின்னலுக்கு உதவாது, அதன் ரிலே அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது விற்பவருக்காக. "வீடு முழுக்கப் பாதுகாப்பு" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். கேபிள் வழியைப் பற்றி மூச்சு விடவில்லை. லேனுக்கும் கேமரா ஒயருக்கும் தனித்தனியாகச் சின்ன புரொடக்டர்கள் கிடைக்கின்றன. அவற்றையும் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வைத்து, இதே எர்த்தில் சேர்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜும் உள்ளூரில் கிடைக்கவில்லை, திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தேன். வாங்கும்போதே உபரியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.