மூன்று வருட ஸ்லோமோஷன்: 120-ஐ விட்டு 100-க்கு வந்தேன்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிரர்லெஸ் கேமராதான், மூன்று வருடமாகத் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம், ஆறு, அருவி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய புதிதில் ஸ்லோமோஷனுக்கு நொடிக்கு 120 ஃபிரேம் (படம்) இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதிலேயே எடுத்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ராத்திரி ரிசப்ஷன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்டப வெளிச்சம் முழுக்கத் துடிக்கிறது. பெண்ணின் பெரியப்பா வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னடே, மண்டபத்துல கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. 120 ஃபிரேமில் அது ஒத்துப்போகாமல் நொடிக்கு 20 துடிப்பாகப் பதிவாகி, வேகத்தைக் குறைத்ததும் நொடிக்கு நான்கைந்து துடிப்பாக நன்றாகவே தெரியும். சரி செய்ய ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரத்தை, 1/100 நொடி வைக்கலாம் என்றால், 120 ஃபிரேமில் 1/120-ஐ விட நீட்டவே வழியில்லை. மெனுவில் வீடியோ முறையை என்.டி.எஸ்.சி.யிலிருந்து (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) பி.ஏ.எல்.லுக்கு (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) மாற்றினேன், 120 போய் 100 வந்தது, ஷட்டர் 1/100, துடிப்பு போய்விட்டது. வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கிறது. வழக்கமான 25 ஃபிரேம், 1/50-ஓடு பார்த்தால் 120-க்கு வழக்கமாக வைக்கும் 1/240-இல் வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், ஐ.எஸ்.ஓ.வை (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏற்றி ஏற்றிப் பட்டுப்புடவை எல்லாம் மணல் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

எடிட்டிங்கிலும் 100 லேசு. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் சரியாக நான்கு மடங்கு மெதுவாகும். 120-இல் எடுத்ததை அதே நான்கு மடங்குக்கு இழுத்தால் நொடிக்கு 30 வரும், ஐந்து ஃபிரேம் விழும், ஓட்டம் தட்டும். 25-லேயே எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை நடுவில் ஃபிரேம் போடச் சொல்வதும் உண்டு. தாலி கட்டும்போது விழுகிற அட்சதையை அப்படி ஒருமுறை செய்து பார்த்தேன், குழைந்த சோறு மாதிரி வந்தது.

பகலில் இந்தத் தொல்லை கிடையாது. குறுக்குத்துறையில் ஆற்றில் குதிக்கிற பையன் காற்றில் இருப்பது முக்கால் நொடி, அது மூன்று நொடியாகும்போது பார்க்க அவ்வளவு அழகு. அதற்கு ஷட்டர் 1/200. உச்சி வெயிலில் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் முடியாது, நான் ஒரு வருடம் வாங்காமல் கஞ்சத்தனம் பண்ணினேன், தப்பு. குற்றாலம் மட்டும் வேறு கதை (மாவட்டம் பிரிந்து தென்காசிக்குப் போனாலும் எங்களுக்கு அது எங்கள் ஊர் குற்றாலம்தான்). அருவிக்கு 1/200 வைத்தால் தண்ணீர் நூல் நூலாக இழுபடும், 1/1000-க்கு மேலே போனால்தான் ஒவ்வொரு துளியும் தனியாக நிற்கும். எனக்குத் துளிதான் பிடிக்கும். லென்ஸ் துடைக்க நான்கு துணியாவது கொண்டுபோங்கள், சாரலில் இரண்டு நிமிடம் தாங்காது.

இப்போது மணமக்கள் நடந்து வருவதற்கெல்லாம் 50 ஃபிரேம்தான், இரண்டு மடங்கே போதும். 100 வைப்பது அட்சதைக்கும் தண்ணீருக்கும், அப்புறம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாரை எழும்பும்போது. என் கேமராவில் ஸ்லோமோஷனுக்குச் சத்தம் பதிவாகாது. கெட்டிமேளம் வேண்டுமென்றால் போனில் தனியாகப் பிடித்துக்கொள்கிறேன்.