பிராடர் மணிமாலையும் வெரிகோசீலும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

விரையின் அளவைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல இன்றும் பல கிளினிக்குகளில் உள்ளது பிராடர் ஆர்க்கிடோமீட்டர். சூரிக் நகரக் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966-இல் அறிமுகப்படுத்தியது. நூலில் கோத்த 12 முட்டை வடிவ மணிகள்: 1 முதல் 6 வரை மில்லிக்கு ஒன்று, பிறகு 8, 10, 12, 15, 20, 25. பேட்டரி கிடையாது, துடைத்து வைத்தால் வருடக்கணக்கில் வரும். பையன் பருவமடையத் தொடங்கிவிட்டானா என்று பார்க்க 4 மில்லி மணி போதும். அந்த வேலைக்கு முழு மதிப்பெண்.

வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்வது என்று வரும்போதுதான் தகராறு. இது பெரும்பாலும் இடப் பக்கம் வருவது. இடது விரையின் ரத்தநாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் ரத்தம் எளிதில் பின்வாங்கித் தேங்குகிறது, பைக்குள் சூடு ஏறுகிறது. விரையின் பெரும்பகுதி விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள்தான். அவை நலிந்தால் அளவும் குறையும். ஆகவே இரு பக்க வித்தியாசம் 20 சதவீதத்துக்கு மேல் போகிறதா என்பதே வளரிளம் பையன்களிடம் கவனிக்கும் கணக்கு.

மணிமாலை இந்தக் கணக்குக்குச் சரிப்படாது. வலது 20 மில்லி என்றால் 20 சதவீதக் குறைவு 16 மில்லி. 15-க்கும் 20-க்கும் நடுவே மணியே இல்லை! போதாததற்குத் தோலையும், விரையின் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸையும் சேர்த்தே கை உணர்வதால் அளவு கூடுதலாக வரும். விரை சிறிதாக இருந்தால் பிழை இன்னும் பெரிது. நாளப் புடைப்பை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அளவை மட்டும் படுக்க வைத்து எடுங்கள். நிற்கையில் இடப் பக்கம் நிரம்பிய நாளங்களும் விரையோடு சேர்ந்துகொள்ளும். அறை குளிராக இருந்தால் பை சுருங்கிவிடும், எதுவும் பிடிபடாது.

அதனால் தொடர் கண்காணிப்புக்கு ஸ்கேன்தான். அதிலும் ஒரு பொறி உண்டு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி 0.71-ஆல் பெருக்குவது லாம்பர்ட் சூத்திரம். பல ஸ்கேன் கருவிகள் தாமாகப் போடுவது 0.52. இடது விரை 4.0 × 2.5 × 2.0 செ.மீ. என்று வையுங்கள்: ஒன்றில் 14.2 மில்லி, மற்றதில் 10.4. போன வருடம் ஒரு சூத்திரம், இந்த வருடம் வேறொன்று என்றால், விரை சுருங்காமலே சுருங்கிவிட்டதாக ரிப்போர்ட் சொல்லும். அதைப் பார்த்துப் பதறி அறுவைச் சிகிச்சைக்கு ஓடாதீர்கள். மூன்று நீளங்களையும் எழுதித் தரச் சொல்லி நீங்களே பெருக்கிப் பாருங்கள். இருபுறமும் ஒரே சூத்திரத்தில் வந்த சதவீத வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கும்.

குழந்தைப்பேறுக்கு அளவு ஒரு குறிப்பு மட்டுமே. வெரிகோசீல் உள்ள பல ஆண்களுக்குக் குழந்தை இயல்பாகவே பிறக்கிறது. முடிவைச் சொல்வது விந்துப் பரிசோதனை: 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, ஒன்றுக்கு இரண்டு முறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழெல்லை மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்கு அறுவை செய்வதில் பயனில்லை. வலப் பக்கம் மட்டும் திடீரென வந்தால், அல்லது படுத்தாலும் புடைப்பு வற்றாவிட்டால், முதலில் வயிற்றை ஸ்கேன் செய்து சிறுநீரகத்தைப் பாருங்கள்.

அறுவைக்குப் பின் அடுத்த மாதமே பரிசோதித்து ஏமாறுகிறவர்கள் நிறைய. விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆகும், முதல் பரிசோதனை 3 மாதம் கழித்து. வளரிளம் பருவத்தில் சிகிச்சை பெற்றால் இடது விரை வளர்ந்து வலதை எட்டிப்பிடிப்பதுண்டு. வளர்ந்த ஆண்களிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது, அவர்களுக்கு மணிமாலையை விட்டு விந்து ரிப்போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.