டெம்பரேச்சர் சென்சாரை அளந்து பார்க்காமல் இன்ஜினைக் கழற்ற விடாதீர்கள்

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். போன மாதம் 13,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவை ரோட்டோரத்தில் வெயிலில் உட்கார வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என்னுடையது 2005 மாடல் ஆல்டோ, பெட்ரோல். வீடு தங்கச்சிமடத்தில். வண்டி நிற்கிற இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். சித்திரை கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று நெருக்கினால் போதும், மீட்டரில் சூட்டு முள் மேலே ஏறிவிடும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே சுற்றாது. சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒருவழியாக ஸ்டார்ட் ஆனாலும் கரும்புகை, பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 11க்கு இறங்கிவிட்டது. செக் இன்ஜின் விளக்கு மட்டும் ஒருநாளும் எரியவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் அவுட்டு அண்ணே, ஃபேன் மோட்டாரும் போச்சு" என்றார்கள். யார் கையிலும் மின்சாரம் அளந்து பார்க்கிற மல்டிமீட்டர் இல்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது: ரேடியேட்டர் கிளீனிங் 1,800, வாட்டர் பம்ப் 3,200, புது தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கிற வால்வு) 900, கூலன்ட் 1,200, ஃபேன் மோட்டார் 2,900, லேபர் 3,500. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, "காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்று பதில்.

வீட்டுக்கு ஓட்டி வந்தபோது முள் ஏறவில்லை, ஃபேன் சுற்றியது. சரியாகிவிட்டது என்று நம்பினேன். நாலாவது நாள் அம்மாவை ராம்நாட்டில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, உச்சிப்புளியில் இளநீர் குடிக்க நிறுத்தினேன். அதற்கப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு அம்மா ஒரு மணி நேரம் அந்தப் புழுதியில் உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டால், "அப்ப இசிஎம் போயிருக்கும் அண்ணே, 18,000 ஆகும், கொண்டு வாங்க" என்கிறார்கள்! இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்.

நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு மாமா மண்டபத்தில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். முப்பது வருடம் விசைப்படகு வயரிங் பார்த்தவர். அவர் எந்தப் பாகத்தையும் கழற்றச் சொல்லவில்லை. "ராத்திரி வண்டியை இங்கயே விட்டுட்டுப் போ தம்பி, காலையில ஆறின இன்ஜினாத்தான் பாக்கணும்" என்றார்.

மறுநாள் காலை என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பார்த்தார். ஆல்டோவில் சூட்டைப் பார்க்க இரண்டு சென்சார் இருக்கிறது. ஒற்றை வயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு. இரண்டு வயர் உள்ளதுதான் கம்ப்யூட்டருக்கு, அதாவது இசிஎம்முக்கு. எவ்வளவு பெட்ரோல் அடிப்பது, ஃபேனை எப்போது போடுவது என்று இசிஎம் முடிவு செய்வது இந்த இரண்டு வயர் சென்சாரை வைத்துத்தான். அதன் சாக்கெட்டைப் பிடுங்கிக் காட்டினார். பித்தளைக் கால் இரண்டிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. எல்லாம் உப்புக்காற்று செய்த வேலை.

அந்தப் பித்தளைக் கால்களைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு சென்சாரைக் கழற்றினார். பக்கத்து டீக்கடையில் ஒரு சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கி வரச் சொன்னார். இந்த சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ், அதாவது ஓம் கணக்கில் அளக்கிற மின்தடை, குறைய வேண்டும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2,400 ஓம் காட்ட வேண்டியது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிட வேண்டும். என் சென்சார் வெளியில் இருக்கும்போது 6,000க்கு மேல் காட்டியது. வெந்நீரில் முக்கியும் 4,000க்குக் கீழே இறங்கவில்லை. புதுசை அதே டம்ளரில் விட்டார். எண் சரசரவென்று விழுந்து 300க்குக் கொஞ்சம் மேலே நின்றது. அந்த மீட்டரைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஐந்து நிமிட வேலை இது.

6,000 ஓம் என்பது தண்ணீர் உறைகிற குளிரில் வர வேண்டிய அளவு. மே மாத வெயிலில் மண்டபத்தில் நிற்கிற வண்டி பனியில் நிற்பதாக இசிஎம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது, ஃபேனைப் போடவில்லை, சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை. வயர் அறுந்தோ ஷார்ட் ஆகியோ இருந்தால் விளக்கு எரிந்திருக்கும். இது நம்பும்படியான பொய் என்பதால் இவ்வளவு பழைய இசிஎம்முக்கு அது பிடிபடவில்லை.

அப்படியானால் ஒர்க்‌ஷாப்காரர்கள் என்னதான் செய்தார்கள்? ஃபேன் வயரை சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி டைரக்ட் கொடுத்திருந்தார்கள். மோட்டார் அதே பழைய துருப்பிடித்த மோட்டார். பம்ப் மட்டும் உண்மையிலேயே புதுசு, அதையும் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் உட்காருகிற கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. புதுசு போட்டதாக 900 வாங்கிவிட்டு, இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். நம் ஊர் சூட்டுக்கு அது வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். கூலன்ட் என்று ஊற்றியிருந்தது போர் தண்ணீர். அலுமினியத்தில் சிந்திக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பொருக்கு விட்டிருந்தது. இந்தத் தண்ணீர் ரேடியேட்டரை என்ன பாடு படுத்தும் என்று இந்தக் கடற்கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்சார், காப்பர் வாஷர், சாக்கெட், தெர்மோஸ்டாட், நிஜமான கூலன்ட், அவர் கூலி எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். ஃபேன் வயரைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார். கழற்றிய சென்சாரையும் கையில் கொடுத்தார். இப்போது லிட்டருக்கு 16க்கு மேல் வருகிறது.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போனேன். இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்து தெர்மோஸ்டாட் காசு 900 மட்டும் வாங்க முடிந்தது. துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு மேலே பேச முடியவில்லை. நீங்கள் கடைப் பெயர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

சமீபத்தில் யாராவது உங்கள் வண்டியில் இந்த வேலை பார்த்திருந்தால், நாளைக் காலையே சோதித்துவிடுங்கள். ஆறின வண்டியில் சாவியை ஆன் மட்டும் போடுங்கள். உடனே ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் டைரக்ட் கொடுத்திருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை எட்டாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுடும். முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் உள்ளே அது இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.